ஹோண்டா சிபி 750 (1975): முன் பிரேக்கில் எவ்வளவு காற்று எடுத்தாலும் லிவர் கைப்பிடி வரை வந்துவிடுகிறது

வடலி (ஸ்காபரோ, கனடா) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம்.

1975ஆம் ஆண்டின் ஹோண்டா சிபி 750 கே5 ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கினேன். முந்தைய உரிமையாளர் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அதைக் கராஜில் நிறுத்தியே வைத்திருந்தார். கார்புரேட்டர், மின்கம்பிகள், சங்கிலி ஆகிய வேலைகள் எல்லாம் முடிந்து எஞ்சின் நன்றாக ஓடுகிறது. வண்டியைத் தெருவுக்குக் கொண்டு போக விடாமல் தடுப்பது முன் பிரேக் ஒன்றுதான்.

லிவரை அழுத்தும்போது திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனையும் ரப்பர்களையும் புதிதாக மாற்றினேன். சக்கரத்தின் டிஸ்க்கைப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றி, துருப்பிடித்திருந்த பிஸ்டனுக்குப் பதிலாகப் புதியதைப் போட்டு, சதுர வெட்டு ரப்பர் வளையத்தையும் மாற்றினேன். பேடுகள் புதியவை. ஹோஸ்கள் இரண்டும் எஃகு இழை பின்னிய புதிய ஹோஸ்கள். செம்பு வாஷர்கள் அனைத்தும் புதியவை. எங்கும் கசிவு இல்லை.

அதன் பிறகு மூன்று மாலைகள் காற்று எடுப்பதிலேயே, அதாவது திரவத்தில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதிலேயே, கழிந்தன. லிவரைப் பலமுறை அழுத்திப் பிடித்து, காலிப்பரில் காற்றை வெளியேற்றுவதற்காக இருக்கும் நிப்பிளைத் திறந்து மூடும் வழக்கமான முறையைத்தான் முதலில் செய்தேன். பிறகு கையால் இயக்கும் வெற்றிடப் பம்பு ஒன்றை வாங்கி நிப்பிளில் பொருத்தி உறிஞ்சினேன்; குமிழிகள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தன. 355 மி.லி. கொண்ட இரண்டு போத்தல் பிரேக் ஆயில் தீர்ந்துவிட்டது. வேகமாகப் பத்துத் தடவை லிவரை அழுத்தினால் ஓரளவு இறுக்கம் வருகிறது. ஒரு நிமிடம் விட்டுவிட்டு அழுத்தினால் மறுபடியும் கைப்பிடி வரை வந்துவிடுகிறது.

காற்று எங்கே ஒளிந்திருக்கிறது என்பதே என் கேள்வி. டாட் 5 என்ற சிலிகான் வகைப் பிரேக் திரவத்தை ஊற்றினால் பிரச்சினை தீரும் என்று ஒருவர் சொன்னார். அது சரிதானா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


நாற்சிலிண்டர் (ஹாரோ, இங்கிலாந்து) – பதில்

வணக்கம் தம்பி. என்னிடம் பல ஆண்டுகளாகச் சிபி 500 ஃபோர் இருக்கிறது. முன் பிரேக்கின் அமைப்பு உங்கள் வண்டியினுடையதைப் போன்றதே. மூன்றாவது போத்தலைத் திறப்பதற்கு முன்பு, உங்களுடைய குறை உண்மையிலேயே காற்றுதானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். லிவர் நீளமாக வருவது வேறு, லிவர் மெத்தென்று இருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணி நான் ஒரு கோடைகாலம் முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன்.

லிவரை வேகமாக அழுத்தி இறுக்கம் வந்ததும் அப்படியே பிடித்துக்கொண்டு, அந்த நிலையில் மேலும் பலமாக அழுத்திப் பாருங்கள். சுவரில் மோதியது போல நின்றுவிட்டால் உள்ளே காற்று இல்லை. பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையிலான இடைவெளிதான் அதிகம். ரப்பர் பந்தைப் பிசைவது போல இருந்தால் காற்று இருக்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே லிவர் மெல்ல மெல்லக் கீழிறங்கினால், எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் திரவத்தைப் பின்னால் விடுகிறது என்று பொருள்.

இடைவெளியை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. உங்கள் வண்டியின் மாஸ்டர் சிலிண்டர் விட்டம் 14 மி.மீ.; காலிப்பர் பிஸ்டனின் விட்டம் ஏறத்தாழ 38 மி.மீ. பரப்பளவுகளை ஒப்பிட்டால் ஒன்றுக்கு ஏழு மடங்குக்கும் மேல் வருகிறது. அந்த ஏழு மடங்கு விசைதான் வண்டியை நிறுத்துகிறது. ஆனால் காலிப்பர் பிஸ்டன் 1 மி.மீ. நகர வேண்டுமானால் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 7 மி.மீ.க்கும் மேல் நகர்ந்தாக வேண்டும். அரை மில்லிமீட்டர் இடைவெளி கூடுதலாக இருந்தாலே லிவரின் பயணத்தில் கணிசமான பகுதி அதிலேயே தீர்ந்துவிடும்.

சிபி 750இன் காலிப்பரில் ஒரே ஒரு பிஸ்டன்தான் இருக்கிறது. காலிப்பர் ஒரு முளையில் ஊசலாடும் கை போன்ற தாங்கியில் மாட்டப்பட்டிருப்பதால், பிஸ்டன் ஒரு பேடைத் தள்ளியதும் காலிப்பர் முழுவதும் அசைந்து எதிர்ப்பக்கப் பேடை டிஸ்க்கின் மீது இழுத்து அழுத்துகிறது. அந்தக் கை எவ்வளவு தூரம் பின்வாங்கலாம் என்பதை ஒரு திருகும் பூட்டு நட்டும் தீர்மானிக்கின்றன. திருகு தவறான இடத்தில் இருந்தால், லிவரை விடும்போதெல்லாம் காலிப்பர் அளவுக்கு மீறிப் பின்வாங்கிப் பிஸ்டனையும் உள்ளே தள்ளிவிடும். அடுத்த தடவை அந்தத் தூரம் முழுவதையும் மீண்டும் கடக்க வேண்டியிருக்கும். அந்த எதிர்ப்பக்கப் பேடுக்கும், அதாவது நிலையான பேடுக்கும், டிஸ்க்குக்கும் இடையே 0.15 மி.மீ. இருக்க வேண்டும். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடாகிய ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அந்த முளையையும் கழற்றிப் பாருங்கள். பத்து ஆண்டுகள் நின்ற வண்டியில் அது துருப்பிடித்து இறுகியிருப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. கை ஊசலாடாவிட்டால் பிஸ்டன் டிஸ்க்கையே பக்கவாட்டில் வளைக்கும். வளைந்த எஃகு திரும்பி வரும் உணர்வு லிவரில் அச்சு அசலாகக் காற்றைப் போலவே இருக்கும். எத்தனை போத்தல் ஊற்றினாலும் அது மாறாது.


பட்டறைக்காரன் (கிள்ளான், மலேசியா) – பதில்

ஹாரோ நண்பர் சொன்ன சோதனையை முதலில் செய்யுங்கள். அதன் பிறகும் மெத்தென்று இருந்தால் நான் சொல்வதைக் கவனியுங்கள்.

காற்று மேலே போகத்தான் விரும்பும். நாம் நிப்பிள் வழியாக அதைக் கீழே இழுக்கிறோம். லிவரின் ஒரு முழு அழுத்தத்தில் நகரும் திரவம் ஒன்றிரண்டு மில்லி லிட்டர்தான். அந்தச் சிறு ஓட்டம் குமிழியைக் கொஞ்சம் கீழே கொண்டு போகும், நாம் நிப்பிளை மூடி லிவரை விடும் நேரத்தில் குமிழி பழைய இடத்துக்கே ஏறிவிடும். மூன்று மாலைகளாக உங்கள் வண்டியில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த வண்டியில் குமிழி தங்கும் இடங்கள் இரண்டு. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் புறப்படும், திரவம் உள்ளே ஓடும் துளையுள்ள பான்ஜோ போல்ட் ஒன்று. மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் சேருகின்ற, பிரேக் விளக்கின் அழுத்தச் சுவிட்சு மாட்டப்பட்டிருக்கும் மூவழி இணைப்பு மற்றொன்று. சுவிட்சின் உள்ளே ஒரு முட்டுச்சந்து இருக்கிறது. அங்கே நுழைந்த காற்றின் மீது திரவ ஓட்டம் படுவதே இல்லை. இணைப்பைத் தாங்கும் போல்ட்டைக் கழற்றி, அதைக் கையில் பிடித்துச் சுவிட்சு கீழ்நோக்கி இருக்குமாறு திருப்பி, ஸ்பேனரின் பிடியால் இலேசாகத் தட்டுங்கள். ஹோஸையும் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வாருங்கள்.

என் பட்டறையில் பழைய வண்டிகளுக்குக் கீழிருந்து மேலாகத்தான் திரவம் ஏற்றுகிறோம். 60 மி.லி. ஊசிக்குழல் ஒன்றில் புதிய பிரேக் ஆயிலை நிரப்பி, அதன் குழாயிலும் காற்றில்லாமல் செய்து, நிப்பிளில் மாட்டி, நிப்பிளைத் திறந்து மெதுவாகத் தள்ளினால், குமிழி தான் போக விரும்பும் திசையிலேயே போய் மேலே மாஸ்டர் சிலிண்டரின் திரவக் கிண்ணத்தில் வெளியேறும். கிண்ணத்தை முன்கூட்டியே ஏறத்தாழ காலியாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் திரவம் வழிந்து டேங்கின் பெயிண்ட்டைத் தின்றுவிடும். பழைய துணியை விரித்து வையுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். இந்தத் திரவம் தண்ணீரில் கரையும் என்பதால் சிந்திய உடனே ஊற்றிக் கழுவினால் பெயிண்ட் தப்பிக்கும்.

ஆனால் ஒன்று. உங்கள் மாஸ்டர் சிலிண்டரின் உடல் பழையது. உள்ளே பழைய அழுக்கு இருந்தால், கீழிருந்து தள்ளும்போது அது மேலே இருக்கும் சிறு துவாரத்தில் போய் அடைத்துக்கொள்ளும். கிண்ணத்தைத் துடைத்துவிட்டு அடிப்பகுதியை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே எத்தனை துளைகள் தெரிகின்றன என்று சொல்லுங்கள்.

வெற்றிடப் பம்பில் ஓயாமல் வந்த குமிழிகளை நம்ப வேண்டாம். நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரையைச் சுற்றி வெளிக்காற்று உள்ளே நுழையும். பம்பு அதையும் சேர்த்து உறிஞ்சும். உள்ளே ஒரு துளிக் காற்றும் இல்லாத பிரேக்கிலும் அந்தக் குமிழிகள் வரும்.


கொதிநிலை (சென்னை) – பதில்

டாட் 5 பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்: இந்த நிலையில் அதைத் தொடவே வேண்டாம்.

டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகிய மூன்றும் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை, ஒன்றோடொன்று கலக்கும். டாட் 5 சிலிகான் வகையைச் சேர்ந்தது, மற்றவற்றோடு கலக்காது. எண்ணின் வரிசையைப் பார்த்து 4க்கு அடுத்தது 5, ஆகவே அது மேம்பட்டது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். சிலிகான் திரவம் பெயிண்ட்டைக் கெடுக்காது, ஈரத்தை உறிஞ்சாது என்பவை உண்மையே. ஆனால் அதில் காற்று நுண்குமிழிகளாக எளிதில் கலந்து தங்கிவிடும். கிளைக்கால் திரவத்தைவிடச் சற்று அதிகமாக அமுங்கவும் செய்யும். காற்று எடுக்க முடியாமல் தவிப்பவருக்கு அதைப் பரிந்துரைப்பது தலைகீழான ஆலோசனை. மேலும், எப்படியாவது உள்ளே வந்துவிட்ட நீர் அதில் கரையாமல் மிகத் தாழ்வான இடமாகிய காலிப்பரில் தேங்கி, அங்கே துருவை உண்டாக்கும். பிரேக் சூடேறினால் 100 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும்.

டாட் 4 போதும். புதிதாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும், டாட் 4 230 டிகிரி வரையும் கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரவிதி, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் அந்த எல்லைகள் 140, 155 என்று இறங்கிவிடுகின்றன. இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், திறந்து பல மாதங்களான போத்தலையும், நிப்பிள் வழியாக வெளியே எடுத்ததையும் மறுபடி ஊற்றக் கூடாது.

இதைப் பிரேக் ஆயில் என்று அழைக்கும் நம்முடைய பழக்கமே ஒரு பெரும் தவறுக்கு வழிவகுத்திருக்கிறது. பெயரில் ஆயில் இருந்தாலும் இது பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய் அல்ல. ரப்பரைப் பொருத்தும்போது வழுக்கட்டும் என்று எஞ்சின் ஆயிலையோ சாதாரண கிரீஸையோ தடவிவிட்டவர்களின் வண்டிகளில், அந்த ரப்பர்கள் ஊதிப் பெருத்துப் பிரேக்கே விடுபடாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். புதிய ரப்பர்களைப் பொருத்தும்போது எதைத் தடவினீர்கள் என்பதையும் தெரிவியுங்கள்.


வடலி – பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி.

ரப்பர்களைப் புதிய பிரேக் திரவத்தில் நனைத்தே பொருத்தினேன்; வேறெதுவும் தடவவில்லை. லிவரை இறுக்கி மேலும் அழுத்தியபோது பந்தைப் பிசைவது போலத்தான் இருந்தது, பிடித்திருந்தபோது கீழிறங்கவில்லை. முளையைக் கழற்றிப் பார்த்தேன். கறுத்த பிசினும் துருவும் கட்டியிருந்தன. காலிப்பரின் தாங்கியை என் இரு கைகளாலும் பிடித்தால்தான் அசைந்தது. சுத்தம் செய்து கிரீஸ் வைத்துப் புதிய ஓ-வளையங்களும் போட்டுவிட்டேன். அதனால் லிவர் கொஞ்சம் திருந்தியிருக்கிறது, முழுவதும் அல்ல.

கிள்ளான் அண்ணன் கேட்டதற்குப் பதில்: கிண்ணத்தின் அடியில் ஒரு துளைதான் தெரிகிறது. இரண்டு இருக்க வேண்டுமா?


பட்டறைக்காரன் – பதில்

இரண்டு இருக்க வேண்டும் தம்பி. நீங்கள் பார்ப்பது திரவம் உள்ளே இறங்கும் பெரிய துளை. ஹோஸ் இருக்கும் பக்கமாக, சிறு பள்ளம் ஒன்றின் நடுவில் ஊசிமுனை அளவில் இன்னொன்று இருக்கிறது. பழைய திரவம் காய்ந்து பழுப்பு நிறத்தில் படிந்து அதை மூடியிருக்கும். அந்தப் படிவு துளையை மறைத்துவிடுவதால், அங்கே துளை இருப்பதை அறியாதவர்கள் அதைத் தேடுவதே இல்லை. ரப்பர்கள் அனைத்தையும் மாற்றிவிட்டு இந்தத் துளையை விட்டுவிட்ட மாஸ்டர் சிலிண்டர்கள் என்னிடம் பல வந்திருக்கின்றன.

லிவரை முழுவதும் விட்டிருக்கும்போது ரப்பரின் முகம் அந்தச் சிறு துளைக்குச் சற்றுப் பின்னால் நிற்கும். அப்போதுதான் கிண்ணமும் ஹோஸும் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கின்றன. பிரேக் சூடேறித் திரவம் விரியும்போது அது திரும்பிச் செல்லும் வழி அதுவே. ஹோஸின் உச்சியிலிருந்து ஏறிவரும் குமிழி வெளியேறும் வழியும் அதுவே. பெரிய துளை ரப்பருக்குப் பின்பக்கம் திறப்பதால் அதன் வழியாகக் குமிழி தப்ப முடியாது. சிறு துளை அடைபட்ட வண்டியில் காற்று எடுப்பது ஒரு புறம் இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது திரவம் விரிந்து, லிவரைத் தொடாமலே முன் சக்கரம் இறுகிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

மின்கம்பிக்குள் இருக்கும் செம்பு இழைகளில் ஒற்றை இழையை எடுத்துக் குத்துங்கள். அது வளைந்துபோனால் கிட்டாரின் மிக மெல்லிய தந்தியைப் பயன்படுத்தலாம். துளைக்கருவியை மட்டும் எடுக்க வேண்டாம்: துளை பெரிதானாலோ அதன் உள்விளிம்பில் பிசிறு எழுந்தாலோ, ஒவ்வோர் அழுத்தத்திலும் புதிய ரப்பரின் உதடு அதில் உராய்ந்து கிழியும். இதே காரணத்தால் பிஸ்டனை வெளியே எடுத்துவிட்டே குத்த வேண்டும். பிறகு பிரேக் கிளீனரை அடித்து, அந்தத் துளையிலிருந்து மெல்லிய நேர்கோடாகப் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் மாட்டிய பின் லிவரை ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் அசைத்துக் கிண்ணத்தைக் கவனித்தால், திரவத்தின் மேற்பரப்பில் சிறு சுழிப்போ பீறலோ தெரியும். அது தெரிந்தால் வழி திறந்திருக்கிறது. கண்ணாடி அணியாமல் குனிந்து பார்க்காதீர்கள். சில வேளைகளில் அது முகம் வரை எழும்பும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் சிலிண்டரின் உடல் பழையது என்பதால், காற்று எடுக்கும்போது லிவரை முழுவதும் அழுத்தாதீர்கள். சாதாரணமாக ஓட்டும்போது பிஸ்டன் போகாத ஆழத்தில் உள்சுவர் அரித்துப்போயிருக்கலாம். புதிய ரப்பர் அங்கே போனால் கிழிந்துவிடும். கைப்பிடிக்கும் லிவருக்கும் இடையே ஒரு சிறு மரக்கட்டையை வைத்துக் கட்டிவிடுங்கள்.


நாற்சிலிண்டர் – பதில்

கிள்ளான் நண்பர் சொன்னது எனக்கும் பாடம்.

லிவரை இரவு முழுவதும் அழுத்திக் கட்டி வைத்தால் காலையில் இறுகிவிடும் என்று பலரும் உங்களிடம் சொல்வார்கள், நானும் செய்வதுண்டு. ஆனால் லிவர் அழுந்தியிருக்கும்போது சிறு துளை ரப்பருக்கு அந்தப் பக்கம் போய்விடுவதால், கட்டியிருக்கும் நேரத்தில் கிண்ணத்துக்கு ஒரு குமிழிகூடப் போகாது. அழுத்தத்தில் குமிழிகள் சுருங்கி, சுவரிலிருந்து விடுபட்டு, உச்சியில் போய்ச் சேர்வது மட்டுமே இரவில் நடக்கிறது. காலையில் கட்டை அவிழ்த்து, லிவரை மிக மெதுவாக ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் பலமுறை தட்டினால்தான் அவை வெளியேறும். அவிழ்த்தவுடன் முழு அழுத்தம் கொடுத்தால் திரும்பவும் கீழே தள்ளிவிடுவீர்கள்.

அப்போது வண்டி நடுத்தாங்கியில் நிற்கட்டும். கிண்ணம் மட்டமாகும் அளவுக்குக் கைப்பிடியைத் திருப்பி, பான்ஜோ போல்ட் துளையைவிட உயர்ந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேவையானால் மாஸ்டர் சிலிண்டரின் பிடிப்பையே தளர்த்திச் சற்றுச் சாய்க்கலாம்.


வடலி – பதில்

வேலை முடிந்தது. பின்னால் தேடி வருபவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சிறு துளை முழுவதும் அடைபட்டிருந்தது. கிளீனரில் ஊறவிட்டு, செம்பு இழையால் ஏறத்தாழ அரை மணி நேரம் பொறுமையாகக் குத்திய பிறகு பழுப்புத் தூள் வெளியே வந்தது. கிளீனரை அடித்தபோது நூல் போலப் பீய்ச்சியது. மாஸ்டர் சிலிண்டரை மாட்டி, புதிய டாட் 4 போத்தலைத் திறந்து, ஊசிக்குழலால் கீழிருந்து ஏற்றினேன். முதல் தள்ளலிலேயே கிண்ணத்தில் ஒரு பெரிய குமிழி வந்தது. மூவழி இணைப்பைக் கழற்றிச் சுவிட்சைத் தலைகீழாகத் திருப்பித் தட்டியபோது மேலும் ஐந்தாறு குமிழிகள் வந்தன. அந்த இரவு மரக்கட்டை வைத்து லிவரைக் கட்டிவிட்டு, காலையில் மெதுவாகத் தட்டினேன். பொடிக் குமிழிகள் சில வந்து பின்னர் நின்றுவிட்டன. மொத்தத்தில் செலவானது அரைப் போத்தல்கூட இல்லை.

இப்போது லிவர் மூன்றில் ஒரு பங்கு தூரத்திலேயே கல்லைப் போல நிற்கிறது. 1969இல் இந்த வண்டிதான் திரவ டிஸ்க் பிரேக்கைப் பெரும் எண்ணிக்கையில் சாதாரண மனிதர்களின் கைக்குக் கொண்டுவந்தது என்று படித்திருக்கிறேன். அன்று முதன்முதலாக இதை அழுத்தியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நேற்று மாலை என் கையில் உணர்ந்தேன்.

ஒரே ஒரு சந்தேகம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் இரண்டு சுற்றில் நின்றுவிடுகிறது. பேடு இலேசாக உரசும் ஓசை ஓரிடத்தில் மட்டும் கேட்கிறது.


நாற்சிலிண்டர் – பதில்

மிக்க மகிழ்ச்சி தம்பி. ஓரிடத்தில் மட்டும் கேட்டால், டிஸ்க் அந்த இடத்தில் சிறிது வளைந்திருக்கலாம், அல்லது நீண்ட காலம் நின்றதால் பேடு இருந்த இடத்தில் துருத் தழும்பு இருக்கலாம். முதலில் அந்தத் திருகைச் சரிசெய்யுங்கள்: பூட்டு நட்டைத் தளர்த்தி, சக்கரம் தாராளமாகச் சுற்றும் வரை திருகி, நிலையான பேடில் 0.15 மி.மீ. ஃபீலர் நுழைகிறதா என்று உரசும் இடத்தில் வைத்தே பாருங்கள். பிறகு லிவரைப் பத்துத் தடவை அழுத்தி விட்டுவிட்டு மறுபடியும் அளந்து, அளவு மாறாமல் இருந்தால் நட்டை இறுக்கலாம். வீட்டு முற்றத்தில் நடக்கும் வேகத்தில் ஐந்தாறு முறை நிறுத்திப் பார்த்து, பான்ஜோ போல்ட்டுகளையும் சுவிட்சின் அடியையும் வெள்ளைத் தாளால் ஒற்றி ஈரம் இல்லை என்று கண்ட பிறகு தெருவுக்கு எடுங்கள்.